ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள், புதன்கிழமை வரைதான் நேரம்

மாரண்டஅள்ளிக்காரன்
14 செப்டம்பர் 2019, இரவு 9.40

ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 14 ஆண்டு 3 மாதமாக இருக்கிறேன். வயது 41. பதவியின் பெயர் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். நேற்று ஷிஃப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது மனிதவள அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் காபி வைத்தார்கள். 14 ஆண்டில் அந்த அறையில் எனக்குக் காபி கிடைத்தது அதுதான் முதல் தடவை. அப்போதே வயிறு கலங்கிவிட்டது.

அச்சடித்த தாள் ஒன்றை நகர்த்தி வைத்தார். 'எனது சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்' என்று இருந்தது. என் சொந்தக் காரணத்தை எனக்கு முன்பே அவர்கள் தட்டச்சு செய்துவிட்டார்கள். இனிஷியல்கூடத் தப்பு. கையெழுத்துப் போட்டால் இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் தருவார்களாம். புதன்கிழமை வரை நேரம். போடாவிட்டால் என்ன என்று கேட்டேன். "வேறு மாதிரி போக வேண்டியிருக்கும்" என்றார். வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று சொல்லவில்லை. என்னைப் போல 11 பேருக்கு இதே தாள்.

மொத்தச் சம்பளம் 26,000. அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,300. மத்திகிரிப் பக்கம் சின்ன வீடு, மாதம் 9,200 தவணை. பிள்ளைகள் எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிறார்கள். மனைவி வீட்டிலேயே தையல். ஊரில் அப்பாவுக்குக் கிணற்றோடு இரண்டு ஏக்கர் இருக்கிறது. தக்காளியும் கேழ்வரகும் போடுகிறார்.

கையெழுத்துப் போடுவதா வேண்டாமா? போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்து என்ன செய்வது? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சிப்காட் பழையவன்
14 செப்டம்பர், இரவு 10.15

தம்பி, போடாதே. மற்றதை நாளைக்குப் பேசலாம், இன்று இரவு இதை மட்டும் மனதில் வை.

நான் 31 ஆண்டு டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். 2008 கடைசியில் இதே தாளை இதே ஊரில் பார்த்தேன். அன்று கையெழுத்துப் போட்டவர்கள் பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "நீங்களாகத்தானே விலகினீர்கள்?" அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

உங்கள் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? அதைச் சொல். அதில்தான் விஷயம் இருக்கிறது.

மாரண்டஅள்ளிக்காரன்
14 செப்டம்பர், இரவு 10.22

நிரந்தரம் 118 பேர். ஒப்பந்தத் தொழிலாளர்கள் 200க்கு மேல் இருந்தார்கள், ஜூனிலிருந்து பாதிப் பேர் வரவில்லை.

சிப்காட் பழையவன்
14 செப்டம்பர், இரவு 10.50

அப்படியென்றால் கேள். 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டப்படி 100 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும். மூன்று மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். திரும்ப ஆள் எடுத்தால் வெளியே அனுப்பியவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரே தாளில் தாண்டிவிடத்தான் அந்தக் காபி. ராஜினாமா என்றால் அனுமதியும் வேண்டாம், நோட்டீஸும் வேண்டாம், இழப்பீடும் வேண்டாம். உன்னை அனுப்புவது அவர்கள் காரியம். அதை உன் காரியமாக மாற்றி எழுதி வாங்குகிறார்கள்.

மனிதவளத்தில் ஒருவன்
15 செப்டம்பர், காலை 8.05

மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன் நான். கல் எறிவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

பழையவன் ஐயா சொன்ன சட்டமெல்லாம் சரி. ஆனால் அது 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருகிறவருக்கு. மேற்பார்வை வேலையில் இருந்து மாதம் 10,000க்கு மேல் வாங்கினால் அந்தச் சட்டத்தின்படி அவர் தொழிலாளி இல்லை. பதவி சூப்பர்வைசர், சம்பளம் 26,000 என்றால் எங்கள் வக்கீல் முதல் வரியிலேயே அதைத்தான் எழுதுவார். பிறகு சேலம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு எத்தனை வாய்தா அலைவீர்கள்? ஓசூரிலிருந்து சேலம் போய் வர ஒரு நாள் போய்விடும், புதிய முதலாளி அத்தனை நாள் விடுப்பு தருவாரா?

சிப்காட்டில் எல்லா மனிதவளத்துறைக்காரர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு மாதம் என்பதை நான்காக உயர்த்திக் கேளுங்கள். வாங்கிக்கொண்டு நல்லபடியாக வெளியே வாருங்கள்.

கிளிமூக்கு
15 செப்டம்பர், காலை 8.31

மனிதவள அண்ணா, அந்த வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் படமும் போடுவீர்களா? கேட்டு வைத்தேன்.

மாரண்டஅள்ளிக்காரன்
15 செப்டம்பர், காலை 11.20

அந்த 'சூப்பர்வைசர்' கதையைச் சொல்லிவிடுகிறேன். 2013இல் சம்பள உயர்வுக்குப் பதிலாகப் பெயரை உயர்த்தினார்கள். அதற்கு முன் 'இன்ஸ்பெக்டர்'. வேலை மாறவில்லை. காலையில் போனதும் மைக்ரோமீட்டரையும், துளை அளக்கும் போர் கேஜையும் துடைத்து, மாஸ்டர் என்ற மாதிரி அளவில் வைத்துப் பூஜ்யம் சரிபார்ப்பேன். ஒவ்வொரு மெஷினிலும் மணிக்கு ஐந்து பாகம் எடுத்து அளந்து தாளில் எழுதுவேன். அளவு ஓரமாக நகர்ந்தால் ஆபரேட்டரிடம் சொல்லி ஆஃப்செட் மாற்ற வைப்பேன். என் கீழே ஆள் யாரும் இல்லை. யாருடைய விடுப்புக் கடிதத்திலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு இல்லை. என் விடுப்புக்கே நான் இரண்டு பேர் பின்னால் அலைகிறேன்.

சிப்காட் பழையவன்
15 செப்டம்பர், பகல் 12.02

பார்த்தாயா. நீதிமன்றம் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை, அன்றாடம் பெரும்பாலும் என்ன வேலை செய்தாய் என்பதைத்தான் பார்க்கும். நீ அளந்து கையெழுத்துப் போட்ட தாள்கள்தான் உனக்குச் சாட்சி. பெயரும் தேதியும் இருக்கிற ஆய்வுப் பதிவுகள் எவை, எங்கே இருக்கின்றன என்று குறித்து வை. வாடிக்கையாளரின் வரைபடம் எதையும் வெளியே எடுத்து வராதே, அதையே காரணமாக வைத்து ஒழுங்கு நடவடிக்கை எடுப்பார்கள். பணி நியமனக் கடிதம், 2013 கடிதம், சம்பளச் சீட்டுகள் மட்டும் வீட்டில் இருந்தால் போதும்.

தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாள் ஆனபின் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். வேலையிலிருந்து அனுப்பிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை நேரம் உண்டு. புதன்கிழமை அவர்கள் வைத்த கெடு. சட்டம் வைத்ததில்லை.

கணக்கு நோட்டு
15 செப்டம்பர், மாலை 4.45

கிருஷ்ணகிரியில் கணக்கு எழுதும் தொழில் செய்கிறேன். யாரும் எண்ணைப் போட்டுப் பார்க்கவில்லை, நான் போட்டுவிடுகிறேன் சகோதரரே.

முதலில் பணிக்கொடை. இது ராஜினாமா செய்தாலும் உண்டு, ஐந்து ஆண்டு முடித்த எவருக்கும் உண்டு. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று 14,300ஐ 26ஆல் வகுத்தால் 550. ஆண்டுக்கு 15 நாள் என்று அதை 15ஆல் பெருக்கினால் 8,250. 14 ஆண்டுக்கு 1,15,500 ரூபாய். இதை அவர்கள் தரும் சலுகை போலக் காட்டினால் ஏமாறாதீர்கள், இது உங்கள் பணம்.

ஆட்குறைப்பு இழப்பீடு தனி. இதற்கு அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை, படிகளும் சேரும். 15 நாள் என்பது இங்கே அரை மாதம். 26,000இல் பாதி 13,000, பெருக்கல் 14, ஆக 1,82,000. மூன்று மாத நோட்டீஸ் சம்பளம் 78,000. இரண்டும் சேர்ந்து 2,60,000.

அவர்கள் தருவதாகச் சொல்லும் இரண்டு மாத அடிப்படையும் பஞ்சப்படியும் 28,600.

இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய் வித்தியாசம். ஒரு டம்ளர் காபிக்கு இது அதிக விலை.

2018–19க்கான போனஸ் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். குறைந்தபட்சம் 8.33 சதவீதம் தர வேண்டும். தீபாவளிக்கு முன் வெளியே அனுப்புகிறவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம்.

ஐடிஐ 2016
15 செப்டம்பர், இரவு 7.10

அண்ணாவுக்காவது காபியும் கடிதமும். எங்களுக்கு எதுவும் இல்லை. நான் பென்னாகரம் பக்கம். ஓசூரில் வேறொரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர் மூலம் மூன்று ஆண்டாக சி.என்.சி. (கணினி வழி இயங்கும்) மெஷின் ஓட்டினேன். ஜூலையில் ஒரு திங்கள்கிழமை கேட்டில் அட்டையைத் தேய்த்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. இயந்திரம் பழுது என்று நினைத்து மூன்று தடவை தேய்த்தேன். செக்யூரிட்டி அண்ணன்தான், "தம்பி, பின்னால் வரிசை நிற்கிறது, ஓரமாக வா" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த நோட்டீஸ்.

அறையில் ஆறு பேர் இருந்தோம். இப்போது இரண்டு பேர். வாடகை அதே வாடகைதான்.

கணக்கு நோட்டு
15 செப்டம்பர், இரவு 8.00

தம்பி, சம்பளம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருப்பார்களே? அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று 2018இல் வந்த திட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்து, ஒவ்வொரு சந்தாக் காலத்திலும் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், வேலையில்லாத காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம், அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும். வாழ்நாளில் ஒரு முறைதான். பெரிய தொகை இல்லை, ஆனால் உங்கள் அறை வாடகைக்கு ஆகும். ஒப்பந்தக்காரர் உண்மையில் சந்தா கட்டினாரா என்று இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

மாரண்டஅள்ளி சகோதரர் 21,000ஐத் தாண்டிவிட்டதால் அவருக்கு இது இல்லை.

பத்து சக்கரம்
15 செப்டம்பர், இரவு 9.25

கிருஷ்ணகிரியில் மூன்று லாரி வைத்திருக்கிறேன். கிரானைட் கல், மாம்பழக் கூழ், சீசனில் தக்காளி ஏற்றுகிறோம். உங்கள் வேலை போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லலாம். கோபிக்க வேண்டாம்.

சென்ற ஆண்டு ஜூலையில் பத்து சக்கர வண்டியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். ஏழு நடை அடிக்கும் சரக்கை இப்போது ஆறு நடையில் அடித்துவிடலாம். புதிய வண்டி எதற்கு? செப்டம்பரில் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது, அதோடு எங்களுக்குக் கடன் தரும் நிதி நிறுவனங்கள் கையை மூடிக்கொண்டன. வரும் ஏப்ரல் முதல் புகை விதிக்கு ஏற்ற பி.எஸ். 6 எஞ்சின் கட்டாயம். பழைய இருப்பு தேங்கக்கூடாது என்று கம்பெனிகளே உற்பத்தியைக் குறைக்கின்றன. இந்த மாதம் அசோக் லேலண்ட் ஓசூர் ஆலைகளுக்கு 5 நாள், எண்ணூருக்கு 16 நாள் வேலையில்லா நாள் அறிவித்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் ஐந்து நாள் மூடினால் அவர்களுக்குப் பாகம் செய்து கொடுக்கிறவனுக்கு அது பதினைந்து நாள்.

நான் நவம்பரில் ஒரு வண்டி எடுப்பதாக இருந்தேன். எடுக்கவில்லை. ஒரு வண்டிக்கு எத்தனை பிரேக் பாகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மத்திகிரி அக்கா
16 செப்டம்பர், காலை 6.50

சட்டமும் கணக்கும் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். 'வீட்டில் இன்னும் சொல்லவில்லை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நான் அதற்காக வந்தேன்.

2009 பிப்ரவரியில் என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. எனக்குத் தெரியாது. தினமும் ஏழு மணிக்கு டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு சீருடையோடு கிளம்புவார். சந்திரசூடேசுவரர் மலைக்குப் போய் மண்டபத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார், மூன்று வாரம். எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், துணி துவைக்கும்போது. அவர் சட்டையில் கூலன்ட் நாற்றம் இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் ஒட்டிக்கொள்ளும் நாற்றம் அது. அன்று முகர்ந்து பார்த்தேன், வெறும் வியர்வை. திருநீறு வாசனை கூட இருந்தது.

அந்த மூன்று வாரத்தில் நாங்கள் ஒரு கல்யாணத்துக்கு அரைப் பவுன் மொய் செய்தோம், பெரியவனுக்கு சைக்கிள் வாங்கினோம். தெரிந்திருந்தால் இரண்டும் செய்திருக்க மாட்டேன். வேலை போனதற்காக நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சைக்கிளுக்கு இன்று வரை பேசுகிறேன்.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள் தம்பி.

மாரண்டஅள்ளிக்காரன்
16 செப்டம்பர், இரவு 10.30

சொல்லிவிட்டேன் அக்கா. அவளுக்கு வெள்ளிக்கிழமையே சந்தேகமாம். சாப்பாட்டில் உப்பு இல்லாததை நான் சொல்லவில்லையாம்.

அப்பாவுக்கு போன் செய்தேன். "வா, நிலம் இருக்கிறது" என்றார். மைத்துனர் வேறு ஒன்று சொல்கிறார். கையில் வரும் பணத்தோடு கடன் வாங்கி இரண்டு பழைய சி.என்.சி. மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்யலாமாம். அதற்குப் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் இருக்கிறதாம். பட்டுப்புழு வளர்க்கலாமா என்றும் ஒரு யோசனை. ஒன்றும் புரியவில்லை.

பட்டுக்கூடு
16 செப்டம்பர், இரவு 11.10

பாலக்கோடு பக்கம்தான் நானும். 2012 வரை ஓசூரில் ஃபவுண்டரியில் இருந்தவன், இப்போது ஏழு ஆண்டாகப் பட்டு. அதனால் ஆசையும் காட்டாமல் பயமும் காட்டாமல் சொல்கிறேன்.

இரண்டு ஏக்கர் மல்பெரியில் ஒரு முறைக்கு 200 முட்டைத் தொகுதி எடுக்கிறேன். இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவாக வாங்கி வந்துவிடுவேன். அதன்பின் கூடு அறுவடை வரை மூன்று வாரத்துக்கு மேல் கொஞ்சம். நன்றாக வந்தால் 130 கிலோ கூடு. தர்மபுரி ஏல அங்காடியில் கிலோ 400ஐச் சுற்றி விற்றால் ஐம்பதாயிரத்துக்கு மேல் கைக்கு வரும். செலவும் கூலியும் போகப் பாதிக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா?

இப்போது மற்ற பாதி. இன்று நட்டால் முதல் இலை அறுக்க ஐந்தாறு மாதம். புழு மனைக்குத் தனிக் கட்டடம் வேண்டும். கடைசி ஐந்து நாள் புழு தின்னும் வேகத்துக்கு இரவு பன்னிரண்டுக்கும் இலை வெட்டிப் போட வேண்டும். அந்த நேரத்தில் மனைக்குள் நின்றால் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், அத்தனை புழுவும் ஒரே நேரத்தில் இலையைக் கடிக்கிற சத்தம். அந்த ஐந்து நாளில் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, கல்யாணம் காதுகுத்து வரக்கூடாது.

உங்களுக்கு முக்கியமான கேள்வி ஒன்று. உங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலம் யாருடையது, என்ன போடுகிறார்? தக்காளி என்றால் வாரா வாரம் மருந்தடிப்பார். காற்று உங்கள் பக்கம் வீசினால் மல்பெரி இலையில் அது படியும். நமக்குக் கண்ணுக்குத் தெரியாது, புழுவுக்குத் தெரியும். 2015இல் நான்காம் தோலுரிப்பு முடிந்த 150 தொகுதிப் புழுவை மண்வெட்டியால் அள்ளிக் குழியில் கொட்டினேன். பக்கத்து நிலத்துக்காரர் என் சித்தப்பா. யாரிடம் சண்டை போடுவது?

மாரண்டஅள்ளிக்காரன்
16 செப்டம்பர், இரவு 11.25

மூன்று பக்கமும் தக்காளிதான் அண்ணா. நாலாவது பக்கம் எங்கள் தக்காளி.

கிளிமூக்கு
17 செப்டம்பர், காலை 7.15

தக்காளியை நம்பி ராயக்கோட்டை மண்டிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மாதம் பெட்டியை முத்தமிடுவார்கள், அடுத்த மாதம் சாலையோரத்தில் கொட்டுவார்கள். எங்கள் காவேரிப்பட்டணம் பெங்களூரா மாங்காய்க்கும் அதே ஜாதகம்தான், கூழ் ஆலைக்காரர் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் விலை. 'ஊருக்குப் போய் நிம்மதியாக விவசாயம்' என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஊருக்குப் போகாதவர்கள்.

அப்புறம் ஒன்று. பணம் கைக்கு வந்ததும் உங்களைத் தேடி நிறையப் பேர் வருவார்கள். காப்பீட்டு முகவர், சீட்டுக்காரர், பாட்டில் பாட்டிலாக விற்கும் ஆரோக்கிய மருந்துக்காரர். ஈமு கோழி நினைவிருக்கிறதா? 2012இல் அது விழுந்தபோது, செட்டில்மென்ட் பணத்தைப் போட்ட என் பெரியப்பா கையில் மிஞ்சியது ஒரு முட்டை ஓடு. இன்றும் காட்சிப் பெட்டியில் வைத்திருக்கிறார். பச்சை நிறம், பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கணக்கு நோட்டு
17 செப்டம்பர், காலை 9.30

மைத்துனர் யோசனைக்கு வருகிறேன். அந்தத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 25 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 10 லட்சம் வரை திட்ட மதிப்பு. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். சிறப்புப் பிரிவுக்கு 25, 35. மனு மாவட்டத் தொழில் மையத்தில். எல்லாம் உண்மை. ஆனால் மானியம் உங்கள் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாகக் கிடந்து, தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். அதுவரை தவணை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

என் வாடிக்கையாளர்களில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கும் மூன்று பேர் இப்போது மெஷின் விற்க ஆள் தேடுகிறார்கள். உங்கள் மைத்துனர் பார்த்து வைத்த பழைய மெஷின் இரண்டும் அவர்களுடையதாகக்கூட இருக்கலாம். பெரிய கம்பெனி தன் ஆட்களையே வெளியே அனுப்பும் மாதத்தில் புதிதாகப் பட்டறை போடுகிறவருக்கு யார் ஆர்டர் கொடுப்பார்? மெஷின் மலிவாகக் கிடைப்பதற்கான காரணமே அதை வாங்கக் கூடாததற்கான காரணம்.

ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தனிக் கணக்கில் எடுத்து வையுங்கள். மீதியைத் தொடாதீர்கள். வங்கி மேலாளரை ஒரு தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். தவறிய பிறகு போனால் நாற்காலி இருக்காது.

மனிதவளத்தில் ஒருவன்
17 செப்டம்பர், இரவு 9.00

நாளை புதன்கிழமை. என் தொழிலுக்குத் துரோகமாக ஒன்று சொல்கிறேன். 11 பேரில் எத்தனை பேர் போட்டுவிட்டார்கள் என்று விசாரியுங்கள். எட்டுப் பேர் போட்டிருந்தால் மீதி மூன்று பேருக்கு விலை ஏறும். அனுமதி கேட்டு அரசிடம் மூன்று பேருக்காக யாரும் போக மாட்டார்கள். வாயால் எதுவும் பேசாதீர்கள். 'நான் ராஜினாமா செய்யவில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயார், ஆட்குறைப்பு என்றால் சட்டப்படி எழுத்தில் தாருங்கள்' என்று ஒரு தாளில் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அப்படி ஒரு தாள் என் மேசைக்கு வந்தால் எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்காது.

மாரண்டஅள்ளிக்காரன்
19 செப்டம்பர், இரவு 8.40

எட்டுப் பேர்தான் போட்டிருந்தார்கள். எண் சரியாகச் சொன்னீர்கள், பயமாக இருக்கிறது. நானும் இன்னும் இரண்டு பேரும் தாள் கொடுத்தோம். அதிகாரி படித்துவிட்டு, "யார் எழுதிக் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார். நானே என்றேன். நகலில் முத்திரை விழுந்தது. இன்று வழக்கம்போல வேலைக்குப் போனேன். என் போர் கேஜ் பெட்டியில் வேறு ஒருவர் பெயர் ஒட்டியிருந்தது. உரித்துவிட்டு அளந்தேன்.

கிளிமூக்கு
20 செப்டம்பர், மாலை 5.10

நிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைத்துவிட்டார்கள், செய்தி பார்த்தீர்களா? திங்கள்கிழமை உங்கள் அதிகாரி முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று எழுதுங்கள்.

மாரண்டஅள்ளிக்காரன்
6 அக்டோபர் 2019, இரவு 9.15

இரண்டு வாரம் எழுதவில்லை, மன்னிக்கவும். முடிந்துவிட்டது.

மூன்று சுற்றுப் பேச்சு நடந்தது. கடைசியில் 2,20,000, பணிக்கொடை 1,15,500 தனி, போனஸ் தனி. தாளில் 'சொந்தக் காரணம்' என்ற வார்த்தை இல்லை, 'இருதரப்பு ஒப்பந்தப்படி' என்று இருக்கிறது. செப்டம்பர் 30 கடைசி நாள். காசோலை அன்றே கொடுத்தார்கள். கணக்கு அக்கா சொன்ன தொகையில் 40,000 குறைவு. பழையவன் ஐயாவுக்குப் பிடிக்காது என்று தெரியும். சேலத்துக்கு அலையும் தெம்பு என்னிடம் இல்லை ஐயா.

முதல் நாளே கையெழுத்துப் போட்ட எட்டுப் பேருக்கு 28,600தான். அதில் ஒருவன் என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன், ஒரே அறையில் நான்கு ஆண்டு இருந்தோம். போன் செய்து, "எனக்கும் சொல்லியிருக்கலாமே" என்றான். சொன்னேன், அவன்தான் கேட்கவில்லை. அதை அவனிடம் திரும்பச் சொல்ல வாய் வரவில்லை.

நாளை ஆயுதபூஜை. 14 ஆண்டில் முதல் முறையாக வீட்டில் என் சொந்த வெர்னியர் அளவுகோலை மட்டும் வைத்துக் கும்பிடப் போகிறேன்.

சிப்காட் பழையவன்
6 அக்டோபர், இரவு 10.05

பிடிக்கவில்லைதான். மூன்று பேரும் நின்றிருந்தால் முழுத் தொகையும் வந்திருக்கும். ஆனால் வீட்டுத் தவணை என்னுடையது இல்லை, உன்னுடையது. வெர்னியருக்கு ஒரு பொட்டு எனக்காகவும் வை.

கணக்கு நோட்டு
7 அக்டோபர், காலை 10.20

வருங்கால வைப்பு நிதியில் 'வெளியேறிய தேதி'யைக் கம்பெனிதான் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டார்களா என்று பாருங்கள். அது இல்லாமல் பணத்தை எடுக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. வேலையில்லாமல் ஒரு மாதம் ஆனால் 75 சதவீதம், இரண்டு மாதத்தில் மீதியும் எடுக்கலாம். ஆனால் வேறு வேலை கிடைத்தால் எடுக்காதீர்கள், புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள். உங்களுக்குப் பத்து ஆண்டைத் தாண்டிவிட்டது, 58 வயதில் ஓய்வூதியம் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாரண்டஅள்ளிக்காரன்
9 நவம்பர் 2019, இரவு 10.00

பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடும் திருகாணியும் செய்கிறார்கள். வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும் எலும்பு முறிந்துகொண்டேதான் இருக்கிறதாம், முதலாளி சொன்னார். சம்பளம் 21,500. காலை 5.50க்கு வீட்டை விட்டுக் கிளம்பி அத்திப்பள்ளியில் பஸ் மாற வேண்டும். நேர்காணலில் ஒரு திருகாணியைக் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். மூன்று தடவை அளந்தேன். மூன்றும் ஒரே அளவு. அவ்வளவுதான் நேர்காணல்.

அப்பா நிலத்தில் அரை ஏக்கர் மட்டும், கிணற்றை ஒட்டிய பக்கம், மல்பெரி நட்டிருக்கிறோம். பட்டுக்கூடு அண்ணா வந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று வேட்டியை விரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இடம் சொன்னார். ஐடிஐ தம்பியின் பெயரைப் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஜனவரியில் ஆள் எடுக்கலாம் என்கிறார்கள், உறுதி இல்லை.

வெளியேறிய தேதியை ஒரு மாதமாக ஏற்றவில்லை. நேற்று பழைய கம்பெனிக்கு நேரே போனேன். கேட்டில் பார்வையாளர் பதிவேட்டில் பெயர், ஊர், யாரைப் பார்க்க என்று எழுதச் சொன்னார்கள். செக்யூரிட்டி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை நீட்டினார்.

கிளிமூக்கு
9 நவம்பர், இரவு 10.12

உள்ளே காபி கொடுத்தார்களா?

மாரண்டஅள்ளிக்காரன்
9 நவம்பர், இரவு 10.15

இல்லை. தேதி ஏறிவிட்டது.